பிழை புகும் வழி: சிறு சர்வரில் நினைவகப் பழுதும் அதனை ஆராயும் நெறியும்

பனையோலையில் நூல்கள் வாழ்ந்த காலத்தில் ஒரு நூலின் ஆயுள் அதனைப் படியெடுப்போரின் கையில் இருந்தது. ஓலை செல்லரித்துப் போவதற்குள் அதனை மற்றோர் ஓலையில் பெயர்த்து எழுதியாக வேண்டும். எழுதுபவர் புலமை மிக்கவராயின் தம் அறிவால் பாடத்தைத் திருத்தினார். புலமை குன்றியவராயின் அறியாமையால் திரித்தார். இவ்விரு வகையாலும் பாடவேறுபாடுகள் தோன்றின. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றும் முன்னர்ப் பல இடங்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி ஒப்புநோக்கியது இப்பிழைகளைக் களைவதற்கே என்பதைத் தமிழ் பயில்வோர் நன்கறிவர்.

இன்று ஓலையின் இடத்தைக் கணிப்பொறி பெற்றிருக்கிறது. பழைய அச்சு நூல்களின் நிழற்படிகள், மாணவர்களின் ஆய்வேடுகள், தட்டெழுதப்பெற்ற பாடங்கள் ஆகிய யாவும் துறையின் ஒரு மூலையில் வைக்கப்பெற்றுள்ள சிறு சர்வரில் அடங்கிவிடுகின்றன. சர்வர் என்பது பலரும் ஒரே வேளையில் நாடிப் பெறுமாறு கோப்புகளைக் காத்து வழங்கும் கணிப்பொறியாகும். அதன் நினைவகம் பழுதுபடுவது எதனால், புதிய நினைவகத்தைப் பொருத்திய பின்னரும் அதே பழுது மீண்டும் மீண்டும் தலைகாட்டுவது எதனால், அதனைக் கண்டறியும் நெறி யாது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். படியில் பிழை புகும் வழியை ஆராய்வது தமிழாசிரியரின் வேலையே என்பது நம் விடை.

நினைவகம் இயங்கும் முறை

கணிப்பொறியில் இரு வகைச் சேமிப்பு உண்டு. மின்சாரம் நின்ற பின்னும் கோப்புகளை வைத்துக் காப்பது வட்டு. வேலை நடக்கும் வேளையில் மட்டும் செய்தியைத் தாங்கி நிற்பது ரேம் எனப்படும் நினைவகம். சர்வரைத் திறந்து பார்த்தால் மதர்போர்டில் உள்ள நீண்ட ஸ்லாட்டுகளில் செங்குத்தாகச் செருகப்பட்டிருக்கும் மெல்லிய பச்சைத் தகடுகளே ரேம் தகடுகள்.

'கோப்பு வட்டில் அல்லவா இருக்கிறது? ரேம் பழுதானால் கோப்புக்கு என்ன கேடு?' என்று பலர் கருதுகின்றனர். இக்கருத்து பொருந்தாது. வட்டிலிருந்து எடுக்கப்படும் எதுவும் ரேமுக்கு வந்தே செல்கிறது. ஒரு கோப்பினை மற்றொரு வட்டுக்குப் படியெடுக்கும்பொழுதும் முதலில் ரேமில் எழுதி, பின்னர் அங்கிருந்தே புதிய வட்டில் எழுதுகிறது கணிப்பொறி. ஆகவே ரேம் என்பது ஏட்டைப் படியெடுப்போனின் உள்ளம் போன்றது. மூலவோலை செம்மையாக இருப்பினும் உள்ளம் தடுமாறினால் படி பிழையாகும்.

இன்று யாவரும் பயன்படுத்தும் ரேம் வகையை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ராபர்ட் டெனார்டு 1966-இல் கருதினார். 1968-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு டிரான்சிஸ்டர், மின்னேற்றத்தைத் தேக்கும் ஒரு மிகச் சிறிய கெப்பாசிட்டர் ஆகிய இரண்டும் சேர்ந்தது ஓர் அறை. மின்னேற்றம் இருந்தால் 1, இல்லையேல் 0. இந்த ஒன்றோ சுழியோதான் பிட் எனப்படுவது. இத்தகைய அறைகள் ஒரு தகட்டில் பல ஆயிரம் கோடி உள்ளன.

இங்கே ஒரு வியப்பு உண்டு. இந்தச் சிறு கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம் போன்றது. அதிலுள்ள மின்னேற்றம் இடையறாது கசிகிறது. எனவே பல வகை ரேம்களில் ஒவ்வொரு வரிசையும் 64 மில்லி நொடிக்குள் ஒரு முறையேனும் படிக்கப்பட்டு மீண்டும் நிரப்பப்பட வேண்டும். சில்லின் வெப்பம் 85 டிகிரி செல்சியசைக் கடந்தால் கசிவு மிகுவதால் இந்த இடைவெளி 32 மில்லி நொடியாகக் குறைகிறது. கற்றதை விடாது மீள ஓதிப் போற்றுமாறு நன்னூலார் மாணாக்கனைப் பணிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு பெரிதில்லை. ஓதாவிடில் மறதி என்பது மாணாக்கனுக்கும் உண்டு, சில்லுக்கும் உண்டு. சில்லுக்கான தவணை மட்டும் சற்றுக் கடுமையானது.

ஓர் எழுத்தின் இழப்பு

ஒரே ஒரு பிட் மாறினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். தமிழைக் கொண்டே இதனைக் காட்டலாம்.

யூனிகோடு முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ரகரத்திற்கு 2992, றகரத்திற்கு 2993. லகரத்திற்கு 2994, ளகரத்திற்கு 2995. தந்நகரமாகிய 'ந' 2984. றன்னகரமாகிய 'ன' 2985. மகரம் 2990, யகரம் 2991. இவ்வெண்களை 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் எழுதும்போது இரட்டைப்படை எண் 0-இல் முடியும். அதனை அடுத்த ஒற்றைப்படை எண் மற்ற இலக்கங்கள் யாவும் மாறாமல் 1-இல் முடியும். ஆகவே நினைவகத்தின் ஓர் அறை 0-ஐ 1 எனப் பிறழக் கூறுமாயின் ரகரம் றகரமாகிவிடும், லகரம் ளகரமாகிவிடும். 'மரம்' 'மறம்' ஆகும். 'கலை' 'களை' ஆகும். 'மானை' என எழுதியது 'யானை' என நிற்கும்! மாறாக 1 என்பது 0 ஆனால் 'அறம்' 'அரம்' ஆகும்.

வகுப்பறையில் ஆண்டுதோறும் எந்த எழுத்துகளை மயங்காமல் எழுதுமாறு மாணவர்களை வேண்டுகிறோமோ, அவற்றில் மூன்று இணைகள் கணிப்பொறியின் கணக்கில் ஒரே பிட்டால் பிரிக்கப்பட்டுள்ளன. இது தற்செயலே, எனினும் இதன் விளைவு பெரிது. ஏனெனில் இத்தகைய பிழையை எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருளும் காட்டாது. இரண்டும் அகராதிச் சொற்கள். படிப்பவர் தட்டெழுதியவர் மீது பழி சுமத்துவார். மற்ற பிட்டுகள் மாறும்போது பல வேளைகளில் பொருளற்ற குறியொன்று நடுவில் வந்து நிற்பதால் பிழை கண்ணில் பட்டுவிடும், அது நன்மையே.

உலக நடப்பிலிருந்து ஓர் எடுத்துக்காட்டும் தரலாம். 2003-ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில் பிரசல்ஸ் நகரைச் சார்ந்த ஸ்கார்பேக் என்னும் பகுதியில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் மிகையாகப் பதிவாயின. வாக்காளர் அளிக்க இயலும் எண்ணிக்கையையே விஞ்சியதால்தான் அது வெளிப்பட்டது. மென்பொருளில் குற்றம் காணப்படவில்லை. 4,096 என்பது 2-ஐப் பன்னிரண்டு முறை தன்னுடன் பெருக்க வரும் எண். அதாவது ஒரே ஒரு பிட் தானாக 0-லிருந்து 1 ஆனால் கூடும் தொகை. நினைவகத்தில் ஒரு பிட் தானே மாறியிருக்கக்கூடும் என்பதே வல்லுநர்கள் கண்ட விளக்கம். நானூறு வாக்குகள் மிகுந்திருந்தால் யாரேனும் கண்டிருப்பரா என்பது ஐயமே.

இருவகைப் பிழை

நினைவகப் பிழைகளை மென்பிழை, வன்பிழை என இரண்டாகப் பகுக்கலாம். மென்பிழை என்பது தகட்டில் எக்குறையும் இன்றிப் புறக்காரணத்தால் ஒரு பிட் பிறழ்வது. 1978-இல் இன்டெல் நிறுவனத்தின் திமோதி மே, முர்ரே வுட்ஸ் ஆகிய இருவரும் சில்லைப் பொதிந்திருந்த பீங்கான் உறையில் அணுவளவாகக் கலந்திருந்த யுரேனியம், தோரியம் ஆகியவற்றிலிருந்து வெளிப்பட்ட ஆல்ஃபா துகள்களே இத்தகைய பிழைக்குக் காரணம் என்று நிறுவினர். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களும் இதனைச் செய்ய வல்லன. மென்பிழை ஓரிடத்தில் ஒருமுறை நேர்ந்துவிட்டுப் போவது. மறுமுறை வேறோர் இடத்தில் நேரும்.

வன்பிழை அவ்வாறன்று. அறையோ, கம்பியோ, தொடுமுனையோ பழுதுபட்டிருப்பதால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நேர்வது. டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பியாங்கா ஷ்ரோடர் கூகுள் நிறுவன ஆய்வாளர் இருவருடன் இணைந்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கூகுளின் சர்வர்கள் இரண்டரை ஆண்டுக் காலம் நோக்கப்பட்டன. ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணிப்பொறிகளில் ஒரு முறையேனும் நினைவகப் பிழை நேர்ந்தது. தகடுகளைத் தனித்தனியே கணக்கிட்டால் நூற்றுக்கு எட்டுக்கு மேல். பிழைகளுள் பெரும்பான்மை மென்பிழை அன்று, வன்பிழையே என்று அவ்வாய்வு கருதியது. ஒருமுறை பிழைத்த தகடு மறுமுறையும் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்பதும் அதில் தெளிவாயிற்று. ஆகவே ஒரு சர்வரில் பழுது மீள மீள வருமாயின், 'காஸ்மிக் கதிர்' என்று கூறி வானத்தைக் காட்டுவது ஏற்புடையதன்று. காரணம் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது.

தன்னைத் தானே திருத்தும் நினைவகம்

பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஹேமிங் என்பவர் வார இறுதியில் ஆளில்லாத வேளையில் கணிப்பொறியில் வேலையை ஏற்றிவிட்டுச் செல்வார். இடையில் பிழை காணப்பட்டால் இயந்திரம் அவ்வேலையைக் கைவிட்டுவிடும். பிழை உண்டென்று அறியும் இயந்திரம் அது எங்கே என்றும் அறிந்து தானே திருத்திக்கொள்ளலாகாதா என்று சினந்து எண்ணியதன் பயனாக 1950-இல் அவர் வெளியிட்ட கட்டுரையே பிழைதிருத்தும் குறிமுறைக்கு அடிப்படையாயிற்று.

இ.சி.சி. நினைவகம் என்பது இதன் வழிவந்தது. 64 பிட் செய்தியுடன் 8 பிட் காவற்குறி சேர்த்து வைக்கப்படுகிறது. ஒரு பிட் பிறழ்ந்தால் அது திருத்தப்படும்; இரு பிட் பிறழ்ந்தால் திருத்த இயலாவிடினும் கண்டறியப்படும்; பெரும்பாலும் கணிப்பொறி உடனே நின்றுவிடும். நின்றுவிடுவதை மக்கள் குறையாகக் கருதுகின்றனர். பொய்யுரைப்பதினும் வாய் மூடுவது மேலன்றோ!

சாதாரண மேசைக் கணிப்பொறியையே சர்வராக வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் கல்லூரிகளில் மிகுதி. அவற்றில் பெரும்பாலும் இ.சி.சி. இராது. டி.டி.ஆர்.5 வகைத் தகடுகளை விற்போர் 'இதில் இ.சி.சி. உள்ளேயே இருக்கிறது' என்பர். அது சில்லின் உள்ளறைகளுக்கு மட்டுமான காப்பு. சில்லிலிருந்து பிராசசருக்குச் செல்லும் வழியில் நேரும் பிழையைக் காவாது. முழுமையான காப்பு வேண்டுமெனில் தகடு, பிராசசர், மதர்போர்டு ஆகிய மூன்றும் இ.சி.சி.க்கு உரியனவாக இருத்தல் வேண்டும்.

எம் துறையில் நேர்ந்தது

நெறியை விதியாகக் கூறுவதினும் நிகழ்ந்ததைக் கொண்டு விளக்குவது நன்று. எம் துறையின் சர்வர் நான்கு ஸ்லாட்டுகள் கொண்ட மேசைக் கணிப்பொறி வகையைச் சார்ந்தது, இ.சி.சி. இல்லாதது. ஒருநாள் அது இடைநடுவில் நின்றது. வந்து பார்த்த பணியாளர் சோதனை மென்பொருளை ஓட்டி, பிழை கண்டு, மூன்றாம் ஸ்லாட்டில் இருந்த தகட்டை அகற்றிப் புதியதை மாட்டினார். சர்வர் செம்மையாக ஓடியது. ஏறத்தாழ இரு மாதங்கள் கழித்து அதே பழுது. மீண்டும் புதிய தகடு, மீண்டும் நலம். பின்னர் மூன்றாம் முறையும் நின்றது. 'இக்காலத்துச் சரக்கு அப்படி' என்று கூறி நான்காம் தகட்டுக்கு விலை சொல்லப்பட்டது.

இங்கே நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்து மூன்று தகடுகள் ஒரே ஸ்லாட்டில் கெட்டுப்போயின என்பதை ஏற்பது எளிதா, அந்த ஸ்லாட்டின் வழியிலேயே ஏதோ குற்றம் உள்ளது என்பதை ஏற்பது எளிதா? மூன்று வெவ்வேறு மாணவர்கள் ஒரே சொல்லைப் பிழையாக எழுதியிருந்தால், மூவரையும் கடியும் முன் அவர்கள் பார்த்தெழுதிய மூலத்தையன்றோ நோக்குவோம்!

கணிப்பொறி அறிவியல் துறை நண்பர் ஒருவரின் துணையுடன் ஒரு குறிப்பேடு தொடங்கப்பெற்றது. ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு சிறு தாள் ஒட்டி க, ங, ச, ஞ எனப் பெயரிட்டோம். நாள், தகட்டின் பெயர், ஸ்லாட்டின் எண், சோதனை ஓடிய நேரம், விளைவு என்று ஐந்து பத்திகள். கேட்பதற்கு எளியது; ஆயினும் பழுது பார்ப்போர் பலரிடம் இவ்வழக்கம் இல்லை. ஒரே வேளையில் இரண்டு மூன்றை மாற்றிவிட்டுப் பழுது நீங்கியதும் மகிழ்ந்து செல்வதால், எது காரணம் என்பது எவருக்கும் தெரியாமற் போகிறது.

முதற்கண், அகற்றி வைத்திருந்த 'கெட்ட' தகடுகள் உட்பட ஒவ்வொன்றையும் தனியே முதல் ஸ்லாட்டில் மட்டும் பொருத்தி, மெம்டெஸ்ட்86 என்னும் சோதனை மென்பொருளை இரவு முழுதும் ஓட்டினோம். இது இயங்குதளம் இன்றித் தானே தொடங்கி, நினைவகத்தின் ஒவ்வோர் அறையிலும் பலவகை வடிவங்களை எழுதிப் படித்துப் பார்ப்பது. அரைமணி நேரச் சோதனையில் தேறிய தகடு விடியற்காலையில் பிழைப்பதுண்டு. ஆதலால் அவசரம் கூடாது. தகட்டைத் தனியே சோதிப்பதற்கும் காரணம் உண்டு. இரண்டு தகடுகள் இருக்கும்போது கணிப்பொறி செய்தியை மாற்றி மாற்றி இரண்டிலும் பகிர்ந்து வைக்கிறது. அதனால் பிழை நேர்ந்த முகவரியைக் கொண்டு எந்தத் தகடு எனத் துணிவது அரிது.

விளைவு வியப்பூட்டியது. எல்லாத் தகடுகளும் தேறின. கெட்டவை என்று ஒதுக்கப்பெற்றவற்றில் ஒன்றேனும் கெட்டிருக்கவில்லை.

அடுத்து, தேறிய தகடு ஒன்றையே நான்கு ஸ்லாட்டுகளிலும் முறையே மாற்றிச் சோதித்தோம். முதல் இரண்டில் பிழை இல்லை. மூன்றாவதில் பிழை. நான்காவதிலும் பிழை! ஸ்லாட்டு மட்டுமே குற்றமுடையதாயின் மூன்றாவதோடு நின்றிருக்கும். அந்த மதர்போர்டில் மூன்றும் நான்கும் பிராசசரிலிருந்து வரும் ஒரே பாதையைச் சார்ந்தவை. சேனல் என்று அதனைக் கூறுவர். ஆகவே குற்றம் ஸ்லாட்டுக்கு அப்பால், பிராசசருக்கும் ஸ்லாட்டுக்கும் இடையில் இருத்தல் வேண்டும். ஹீட் சிங்க் கழற்றப்பட்டது. அதன் நான்கு திருகுகளில் ஒன்று மட்டும் மிக இறுக்கமாகவும் எதிர்மூலையில் உள்ளது தளர்ந்தும் இருந்தன. பிராசசரை எடுத்துவிட்டு, அது அமரும் சாக்கெட்டை உருப்பெருக்காடி கொண்டு நோக்கியபோது, மயிரிழை போன்ற நூற்றுக்கணக்கான தொடுமுனைகளில் ஒன்று மற்றவற்றின் வரிசையிலிருந்து சாய்ந்திருந்தது தெரிந்தது. நினைவகக் கட்டுப்பாடு இன்று பிராசசரின் உள்ளேயே அமைந்துள்ளதால் ரேமுக்குச் செல்லும் கம்பிகள் யாவும் இந்த முனைகளின் வழியேதான் செல்கின்றன. மதர்போர்டு மாற்றப்பட்டது, பழைய பிராசசரும், கெட்டவை எனப்பட்டவை உட்படப் பழைய தகடுகளுமே அதில் பொருத்தப்பட்டன. மூன்று நாள் இடைவிடாச் சோதனையில் ஒரு பிழையும் இல்லை.

அங்ஙனமாயின் புதிய தகடு மாட்டிய ஒவ்வொரு முறையும் இரு மாதம் நலமாக ஓடியது எப்படி? இதுவே இப்பழுதின் சூழ்ச்சி. தகட்டைக் கழற்றி மாட்டும்போது சற்று அழுத்தியே செருக வேண்டியிருக்கிறது. அவ்வழுத்தத்தில் மதர்போர்டு சிறிது வளைந்து நிமிர்கிறது. அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்த முனை மீண்டும் தொடுகிறது. பின்னர் நாள்தோறும் சூடேறியும் குளிர்ந்தும் விரிந்து சுருங்குவதால் மெல்ல விலகிவிடுகிறது. பழைய தகட்டையே கழற்றி மாட்டியிருந்தாலும் நலமாகியிருக்கும். மாற்றுதல் என்னும் செயல் தந்த தற்காலிக நலத்தை, மாற்றப்பட்ட பொருள் தந்த நலமாகக் கருதிவிடுவதே மீண்டும் மீண்டும் செலவு நேர்வதற்குக் காரணம்.

எல்லாச் சர்வர்களிலும் இதுவே காரணம் என்று கொள்ளலாகாது. தகட்டை மாற்றி மாட்டும்போது பிழை தகட்டோடு சேர்ந்து நகர்ந்தால் தகடே குற்றமுடையது, ஐயமின்றி மாற்றலாம். இடத்தோடு தங்கினால் ஸ்லாட், மதர்போர்டு, பிராசசர் ஆகியவற்றை நோக்க வேண்டும். எங்கும் தங்காமல் அலையுமாயின் மின்வழங்கி, வெப்பம், பயாஸ் அமைப்பு ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும்.

வேறு சில காரணங்கள்

பொருந்தாத தகடுகளைக் கலந்து மாட்டுவது பெருவழக்காக உள்ளது. தயாரிப்பாளர் குறித்த வேகத்திற்கு மேல் ஓடுமாறு பயாஸில் அமைக்கப்பெற்ற தகடுகளும் உண்டு. விளையாட்டுக்கு அது பொருந்தலாம், சர்வருக்குப் பொருந்தாது. பெரிய சர்வர்களுக்கு உரிய ரெஜிஸ்டர்டு வகைத் தகடு சிறிய சர்வர்களில் பலவற்றில் இயங்காது என்பதையும் வாங்கும் முன் அறிந்துகொள்ள வேண்டும். மதர்போர்டுத் தயாரிப்பாளர் வெளியிடும் பொருத்தப் பட்டியலைப் பார்த்து வாங்கினால் இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

தகட்டின் தொடுமுனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கடைகளில் கைகண்ட மருத்துவமாக விளங்குகிறது. முனையின் மேலுள்ள பொற்பூச்சு மிக மெல்லியது. ரப்பர் அதனைத் தேய்த்துக் கரைப்பதோடு தன் துகள்களையும் விட்டுச் செல்கிறது. தேய்த்ததும் இயங்கிவிடுவது உண்மையே. ஆனால் அந்த நலமும் கழற்றி மாட்டியதன் நலமாக இருக்கக்கூடும் என்பதை மேலே கண்டோம். தூய ஐசோபுரோபைல் ஆல்கஹாலை நூலிழை உதிராத துணியில் நனைத்து மெல்லத் துடைப்பதே தக்கது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் முனைகள் களிம்பேறுவது விரைவில் நிகழும். அங்கே ஸ்லாட்டின் உட்புறத்தையும் தூசு நீங்க ஊதித் துப்புரவு செய்தல் வேண்டும். மின்னிணைப்பை நீக்கிவிட்டு, உடலில் தேங்கிய நிலைமின்சாரம் போகுமாறு பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே தகட்டைக் கையில் எடுக்க வேண்டும். நாம் உணராத அளவு சிறிய மின்பொறியும் சில்லை ஊறுபடுத்தும். அந்த ஊறு உடனே தெரியாமல் பல மாதம் கழித்து வெளிப்படுவதும் உண்டு.

மின்சாரத்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். டி.டி.ஆர்.4 வகை ரேம் 1.2 வோல்ட்டிலும் டி.டி.ஆர்.5 வகை 1.1 வோல்ட்டிலும் இயங்குவன. இத்துணைச் சிறிய அழுத்தத்தில் சிறு தடுமாற்றமும் பெரிதாகும். மின்வழங்கியின் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்கள் முதுமையடைந்து உப்பியிருந்தால் சோதனையில் தேறும் தகடும் வேலை மிகும்போது பிழைக்கும். யு.பி.எஸ். இருப்பதாலேயே எல்லாம் சரி என்று கருதலாகாது. சுவரிலுள்ள பிளக்கின் எர்த் இணைப்பு உண்மையில் மண்ணைத் தொடுகிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்க வேண்டும்.

இ.சி.சி. உள்ள சர்வரானால் பணி எளிது. திருத்திய பிழை ஒவ்வொன்றையும் அது பதிவு செய்து வைக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் ஈடாக் என்னும் பகுதி எந்தச் சேனலில், எந்தத் தகட்டில் எத்தனை முறை என்று எண்ணிக் காட்டும். மாதம் ஒருமுறை அப்பதிவைப் படிப்பவர் இருந்தால், நின்றுபோவதற்குப் பல வாரங்கள் முன்னரே அறியலாம். படிப்பவர் இல்லையெனில் இ.சி.சி. மௌனமாகத் திருத்திக்கொண்டே இருந்து, இயலாத நாளில் திடீரென நிற்கும்.

கோப்புகளின் நிலை

மதர்போர்டு மாற்றியதும் பணியாளர் வேலை முடிந்ததென்று விடைபெற்றார். துறையின் வேலை அப்போதுதான் தொடங்கியது. பழுதான நினைவகத்தின் வழியே அத்தனை மாதங்கள் சென்றுவந்த கோப்புகள் எந்நிலையில் உள்ளன? வாரந்தோறும் வெளிவட்டுக்கு எடுக்கப்பெற்ற படியும் அதே நினைவகத்தின் வழியே சென்றதுதான். அதுவும் முந்தைய படியின் மேலேயே எழுதப்பெற்றது.

நல்வாய்ப்பாக, பழுது தொடங்கும் முன்னர் எழுதப்பெற்ற டி.வி.டி.க்கள் நிலைப்பேழையில் இருந்தன. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ஒரு நீண்ட எண்ணுக்குச் செக்சம் என்று பெயர். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் அவ்வெண் முற்றிலும் வேறாகும். இரு தொகுதிகளிலும் ஒவ்வொரு கோப்புக்கும் இதனைக் கணித்து ஒப்பிட்டதில் சில கோப்புகள் மாறுபட்டன. அவற்றுள் பெரும்பாலானவை நிழற்படக் கோப்புகளே. ஒரு பக்கத்தின் மேற்பாதி தெளிவாக இருக்கும். ஏதோ ஒரு வரியில் தொடங்கிக் கீழ்ப்பாதி முழுதும் நிறம் திரிந்து சாம்பற் பட்டைகளாகக் கிடக்கும். ஜேபெக் முறையில் சுருக்கப்பட்ட படத்தில் ஒரு பிட் பிறழ்ந்தால் அதற்குப் பின்னுள்ளவை யாவும் பிறழ உணரப்படுவதே இதற்குக் காரணம். இவற்றை டி.வி.டி.யிலிருந்து மீட்டோம். தட்டெழுதிய பாடங்களில் ஐயம் நேர்ந்தவிடத்து அச்சுநூலோடு ஒப்பிட்டுத் துணிந்தோம்.

டி.வி.டி. எழுதிய பின்னர்ச் சேர்ந்தவற்றுக்கு அந்த வழியும் இல்லை. ஒரு பெரியவர் தம் இல்லத்துப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த பழைய சிறுநூல் ஒன்றை நிழற்படியாக்கித் திருப்பித் தந்திருந்தோம். அதன் ஒரு பக்கம் கீழ்ப்பாதி சிதைந்து நிற்கிறது. மூலத்தை மீண்டும் வேண்டிச் சென்றபோது, மழைக்காலத்தில் அது கரையானுக்கு இரையாகிவிட்டது என்று அவ்வில்லத்தார் வருந்திக் கூறினர்.

இப்போது துறையில் இ.சி.சி. கொண்ட சிறு சர்வர் இயங்குகிறது. புதிய கோப்பு எதுவும் நிழற்படியான அன்றே அதன் செக்சம் கணிக்கப்பட்டு, தாளில் அச்சிட்டுக் கோப்பில் கட்டப்படுகிறது. வெளிவட்டுகள் இரண்டு மாதம் மாற்றி மாதம் பயன்படுவதால் ஒன்றின் பிழை மற்றொன்றில் உடனே ஏறுவதில்லை. சிதைந்த பக்கத்தின் மேற்பாதியும், நூலின் முகப்புத்தாளும் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பெற்றுள்ளன. தம் இல்லங்களிலோ உறவினர் இல்லங்களிலோ அந்நூலின் வேறு படி இருப்பதாக அறியும் பெரியோர்கள், அந்த ஒரு பக்கத்தை மட்டும் காட்டி உதவினாலும் போதுமானது.